நாப்பதக்காவின் குறிப்பு

தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேனேஜரிலிருந்து வாசல் காவலர்வரை எல்லோருக்கும் அவள் நாப்பதக்கா. வயதைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. முப்பத்தொரு வயதில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒட்டிக்கொண்டது. இருபத்துமூன்று வருடம் உரியவே இல்லை.

கார் பிரேக்குக்கான வால்வுகளைச் சோதிக்கும் பெஞ்சில் அவளுக்கு வேலை. சோதனைக்கு முன் தொட்டியில் பிரேக் எண்ணெயை ஊற்றி மூடி, வாக்குவம் பம்பை ஓடவிட்டு, எண்ணெயில் கலந்து கிடக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்க வேண்டும். காற்றுள்ள எண்ணெயில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. காற்று முழுக்கப் போக நாற்பது நிமிடம் பிடிக்கும். முப்பதாவது நிமிடத்திலிருந்தே யாராவது வந்து தலைமேல் நிற்பார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

"நாப்பது ஆகட்டும்."

அந்த நாற்பது நிமிடங்களில்தான் அவள் மகன் வளர்ந்தான். அப்பா என்று ஒருவர் இருந்தார். வேறு ஊருக்கு வேலைக்குப் போனவர் வேலையோடு அங்கேயே தங்கிவிட்டார். பம்ப் ஓடும் நேரத்தில் அம்மா வாசலுக்குப் போய், காவலரின் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசுவாள். "சாப்ட்டியா? கதவ தாழ் போட்டியா? கணக்கு முடிச்சியா?" மூன்று கேள்விக்கும் மூன்று "ம்". திரும்பி வந்து அவன் சட்டைக்குப் பொத்தான் தைப்பாள். அவன் புத்தகங்களுக்கு அட்டை போடுவாள். அட்டைக்குத் தாள் எங்கும் வாங்கியதில்லை. தப்பாக நிரப்பிக் கழித்துப் போட்ட சோதனைப் படிவங்கள் இருந்தன. ஒரு பக்கம் அழுத்த அளவுகள், மறுபக்கம் வெள்ளை. தாள் வீணாவது அவளுக்குப் பொறுக்காது. வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்து மடித்தாலும் எழுத்து நிழலாகத் தெரியும். "டேய், உன் சரித்திரப் புத்தகத்துக்கு பிரஷர் ஏறியிருக்குடா" என்று வகுப்பில் சிரிப்பார்கள். அவனுக்கு வெட்கமாக இருக்கும். அம்மாவிடம் சொன்னான். அவளும் சிரித்தாள்.

மகன் படித்தான். பொறியாளர் ஆனான். வேலை கிடைத்தது அதே தொழிற்சாலையில், வால்வு வடிவமைப்புப் பிரிவில்.

முதல் நாள் பெஞ்ச் அறைக்குள் அவன் நுழைந்ததும் அம்மா எழுந்து நின்றாள்.

"வாங்க சார்."

பக்கத்து பெஞ்சில் இருந்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். குத்திப் பேசுவதால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். அவன் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அவனைத் தெரியும். "இவனுக்கு சாரா? போன வாரம்கூட இவன் ஜட்டியத் துவைச்சுப் போட்டேன்னு சொன்னியே, அக்கா."

"அது வீட்ல. இங்க சார்தான். மத்தவங்க சார்னு கூப்பிடறப்ப நான் மட்டும் டா போட்டா, நாளைக்கு இவன் சொன்னத எவன் கேப்பான்?"

அப்படியே நடந்தது. வாசலுக்கு உள்ளே சார், வெளியே டா. மாலையில் இருவரும் வாசலுக்குள் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் திரும்புவார்கள். ஏறும்போது சார், இறங்கும்போது, "அந்தப் பையப் பிடிடா."

அவன் சேர்ந்த மூன்றாவது வருடம் மின்சாரக் காருக்கான பிரேக் வால்வு வந்தது. வரும்போதே வம்போடு வந்தது. வால்வுக்குள் குறுகலான வழியில் எண்ணெய் பாய்ச்சலாகப் போகும்போது அங்கே அழுத்தம் சட்டென்று சரியும். சூடே இல்லாமல் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் கிளம்பும். வழி அகன்று அழுத்தம் திரும்பியதும் குமிழிகள் நசுங்கிச் சாகும். ஒவ்வொன்றும் சாகிற இடத்தில் ஊசிமுனைச் சுத்தியலால் அடித்த மாதிரி இரும்பை அடித்துவிட்டுத்தான் சாகும். பழைய கார்களில் அந்தச் சத்தத்தை இன்ஜின் மூடி மறைத்தது. மின்சாரக் காரில் மறைக்க ஒன்றும் இல்லை. பிரேக் போட்டால் காலடியில் யாரோ ஜல்லி அள்ளுவது போல் கேட்டது. சத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் ஆர்டர், இல்லாவிட்டால் இல்லை என்று கார் கம்பெனி சொல்லிவிட்டது.

வால்வு மூடும்போது அழுந்தி உட்காரும் அமர்விளிம்பை மகன் வளைவாக்கினான். அழுத்தம் ஒரே இடத்தில் சரியாமல் இரண்டு படியாக இறங்கும்படி வழியை மாற்றினான். கம்ப்யூட்டரில் எல்லாம் அழகாக இருந்தது. பெஞ்சில் பதினோரு வடிவங்களைச் சோதிக்க வேண்டும், ஆறு வாரம்தான் கெடு. ஒவ்வொரு சோதனைக்கும் முன் நாற்பது நிமிடம் ஒரு பம்ப் சும்மா ஓடுவதைப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்குப் போட்டான். காற்றில் பெரும்பங்கு முதல் பத்து நிமிடத்திலேயே போய்விடுகிறது. மிச்சம் சொற்பம்.

செயல்முறைத் தாளைத் திருத்தினான். நாற்பது என்று இருந்த இடத்தில் பத்து. தன் தலை தப்ப, கீழே ஒரு வரி சேர்த்தான்: தொட்டியின் பார்வைக் கண்ணாடியிலோ பெஞ்ச் பெடலின் இயக்கத்திலோ காற்று தெரிந்தால் செயல்பாட்டாளர் குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டும். கையெழுத்துப் போட்டான்.

அன்று பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பத்து போதுமாடா?"

"போதும்மா. இனிமே உன்னை பத்தக்கான்னு கூப்பிடச் சொல்றேன்."

முன் இருக்கையில் இருந்த குண்டூசி சிரித்தாள். அம்மா சிரித்ததாக அவனுக்கு நினைவு இல்லை.

பத்து நிமிடத்தில் சோதனைகள் ஓடின. நான்காவது வடிவத்தில் சத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது. மேனேஜர் இடத்தைவிட்டு எழுந்து வந்து கைகொடுத்தார். தணிக்கைக்கு ஆட்கள் வருவதற்கு முந்தைய நாள், அனுப்ப வேண்டிய தாள்களை மகன் புரட்டினான். தேர்வான வடிவத்தின் ஆறு தாள்களிலும் குறிப்புக் கட்டம் நிரம்பியிருந்தது, அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்தில்.

தாள்களோடு பெஞ்ச் அறைக்குப் போனான்.

"என்ன இது?"

"குறிப்பு, சார்."

"ஆறு தாள்லயுமா?"

"ஆறு தடவையும் காத்து இருந்துச்சு, சார்."

"கண்ணாடில தெரிஞ்சுதா?"

"கண்ணாடில ரெண்டு மூணுதான். பெடல அழுத்தினா தெரியுது. பஞ்சு மேல கால் வெச்ச மாதிரி இருக்கு."

"அது உங்க கால். எங்கிட்ட நம்பர் இருக்கு. சத்தம் பாதியாயிடுச்சு."

"குறைஞ்சது வால்வாலயா, காத்தாலயான்னு பாருங்கன்னுதான் எழுதியிருக்கேன். காத்து இருந்தா குமிழி மெத்தை மேல விழற மாதிரி விழும். சத்தம் வராது. கார்ல காத்தே இல்லாமத்தானே எண்ணெய் ஏத்துவாங்க?"

அவனுக்கு அது தெரியாததல்ல. படித்திருக்கிறான், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். கேட்ட இடம் பெஞ்ச் அறையாகவும், சொன்ன வாய் அம்மாவுடையதாகவும் இருந்ததால் காதில் ஏறவில்லை.

"அம்மா, நாளைக்கு ஆடிட். இதுல ஒரு வரி இருந்தா அதுக்கு ஒரு பதில், பதிலுக்கு ஒரு மீட்டிங், மீட்டிங்குக்கு மறுபடி ஆறு வாரம். புதுத் தாள் தர்றேன். அளவ அப்படியே எழுது. குறிப்புல கோடு போட்டுடு."

"எழுதக் கூடாதா?"

"எழுத ஒண்ணும் இல்லன்னா கோடுதான போடுவோம்."

"எழுத இருக்கே."

அவன் புதுத் தாள்களை அவள் முன்னால் வைத்தான். பெஞ்ச் அறையில் இருந்தும் அவள் முதல் முறையாக சாரை விட்டாள்.

"இத நீ சொல்றியா, சார் சொல்றாரா?"

"ரெண்டு பேரும்தான்."

அவள் ஸ்கேலை எடுத்தாள். ஆறு புதுத் தாள்களிலும் குறிப்புக் கட்டத்தில் மூலைக்கு மூலை கோடு இழுத்தாள். கோணல் இல்லாத கோடு. பக்கத்து பெஞ்சில் குண்டூசி குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தைகூடக் குத்தவில்லை. பழைய தாள்களை அம்மா மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். கழித்த தாள் வழக்கமாகப் போகிற இடம்தானே என்று அவன் விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆர்டர் வந்தது. அவனுக்கு நாற்காலி உயர்ந்தது. அவள் பத்து நிமிடத்துக்குப் பம்ப் போட்டாள், வந்த அளவை எழுதினாள், கோடு போட்டாள். "நாப்பது ஆகட்டும்" என்று சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் மிச்சம் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாசற்படியில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். மகன் உள்ளே முகம் மழித்துக்கொண்டிருந்தான். "சீக்கிரம்மா, பஸ் போயிடும்" என்று இரண்டு முறை குரல் கொடுத்தான். மூன்றாவது முறை குரலை உயர்த்திக்கொண்டே வெளியே வந்தான். வலது கால் நாடா கட்டியிருந்தது. இடது கால் கட்டவில்லை.

குண்டூசி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அழுதுடுடா. அழுதுடு." அவனுக்கு அழுகை வரவில்லை.

எட்டு மாதம் ஓடியது. அந்த வால்வோடு அந்த வருடம்தான் சாலைக்கு வந்த மின்சாரக் கார்களில், வாடகைக்கு ஓடியவற்றில் புகார் தொடங்கியது. முதலில் ஜல்லிச் சத்தம். பிறகு, சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது என்றார்கள். நல்லவேளை, யார் உயிரும் போகவில்லை. வால்வுகளைக் கழற்றி அறுத்துப் பார்த்தார்கள். மகன் வளைத்துக் கொடுத்த விளிம்பு அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல் குழி குழியாக இருந்தது. குழிகள் வழியே எண்ணெய் கசிந்தது.

கார் கம்பெனி பழைய சோதனைப் பதிவுகளைக் கேட்டது. அழுத்தம் ஏறும் வேகத்தைப் பார்த்த அவர்கள் ஆள் ஒரே நாளில் சொல்லிவிட்டான்: சோதனையின்போது எண்ணெயில் காற்று இருந்திருக்கிறது. ஏன் யாரும் சொல்லவில்லை? தாளை எடுத்தார்கள். காற்று தெரிந்தால் எழுத வேண்டும் என்று செயல்முறை சொல்கிறது. குறிப்புக் கட்டத்தில் கோடு. கீழே செயல்பாட்டாளர் கையெழுத்து.

மேனேஜர் மகனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் விசாரணை அறிக்கை இருந்தது. காரணம்: செயல்பாட்டாளர் காற்றைக் கவனித்துப் பதிவு செய்யத் தவறினார். நடவடிக்கை: பெஞ்ச் ஊழியர் அனைவருக்கும் மறுபயிற்சி. வடிவமைப்புப் பிரிவின் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருந்தது.

"அம்மாவப் பத்தினதுன்னு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. பேரு எங்கயும் வரல, பாத்தீங்கல்ல? செயல்பாட்டாளர்னுதான் இருக்கு. போனவங்கள யாரும் இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. இருக்கறவங்களப் பாக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுக் குடுங்க."

மகன் அறிக்கையை வீட்டுக்கு எடுத்துப் போனான். வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. போட்டுவிடுவான் என்றுதான் அவனுக்கே தோன்றியது. தொழிற்சாலையில் அவளுக்கு என்று மிச்சம் இருந்தது ஒன்றுதான்: இருபத்துமூன்று வருடத்தில் நாப்பதக்கா ஒரு தப்பு விட்டதில்லை என்ற பேச்சு. அதை எடுத்துத் தன் நாற்காலிக்கு முட்டுக் கொடுப்பதா என்பதே கேள்வி. முட்டுக் கொடுத்தால் அவள் கேட்கப் போவதில்லை. இதை அவன் தனக்குத்தானே இரண்டு நாள் சொல்லிக்கொண்டான்.

வியாழக்கிழமை அவனுக்குத் தலைவலி. மாத்திரை தேடிச் சமையலறை அலமாரியைத் திறந்தான். கதவின் உள்பக்கம் அம்மா ஒட்டிவைத்த பட்டியல் இருந்தது. இரத்த அழுத்த மாத்திரை எது காலை, எது மாலை, எது சாப்பாட்டுக்கு முன். இத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டே கதவை மூடியிருக்கிறான். இனி யாருக்கு இது என்று பிய்த்தான். தாளுக்குப் பின்பக்கம் கட்டங்கள் தெரிந்தன.

குண்டு குண்டான கையெழுத்து. 'பத்து நிமிடத்தில் காற்று போகவில்லை. பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. சத்தம் குறைந்தது வால்வினாலா என்று நாற்பது நிமிடம் விட்டுப் பார்க்கவும்.' கீழே தேதி, கையெழுத்து. மறைக்க நினைத்தவள் கதவில் ஒட்டியிருக்க மாட்டாள். குத்திக்காட்ட நினைத்திருந்தால் எழுத்துப் பக்கத்தை வெளியே வைத்திருப்பாள். ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது, உபயோகித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பெஞ்சைத் தானே போட்டான். எண்ணெய் ஊற்றினான், மூடினான், பம்பை ஓடவிட்டான். பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. இருபத்தைந்தாவது நிமிடத்திலும் கண்ணாடியில் ஒரு குமிழி மேலே ஏறியது. நாற்பது ஆனதும் வால்வை இயக்கினான். அறை முழுக்க ஜல்லி. திரையில் பார்த்தான். அவன் வடிவத்தால் குறைந்த சத்தம் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. மீதியைக் குறைத்தது காற்று. அவனுக்குக் கைகொடுத்தார்களே, அது காற்றுக்குக் கொடுத்த கை. பெடலைக் காலால் அழுத்திப் பார்த்தான். கல் மாதிரி நின்றது. முதல் முறையாக அந்தப் பெடலில் கால் வைக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மாவின் தாளையும் அன்றைய அளவையும் வைத்து இரண்டு பக்கம் எழுதினான். நேரத்தைக் குறைத்தவன் நான். குறிப்பை அழித்து எழுதச் சொன்னவன் நான். மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போனவங்களுக்காக நீங்க கிணத்துல குதிக்கறீங்க."

"தள்ளிவிட்டது நான் சார்."

மேனேஜர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மாத்திரைப் பட்டியல். "இது ஆபீஸ் தாளா, வீட்டுத் தாளான்னு கேப்பாங்க."

"ரெண்டும்தான்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையை வேறு எங்கே சொன்னோம் என்று அவனுக்கு நினைவு வந்தது.

அறிக்கை மாறியது. காரணம் செயல்முறைத் தவறு என்று ஆயிற்று. நாற்பது திரும்பி வந்தது. மகனை வடிவமைப்பிலிருந்து தூக்கி, படிவங்களைச் சரிபார்த்து அடுக்கும் அறைக்குப் போட்டார்கள். மறுபயிற்சிக்கு முன்பே நாள் குறித்தாயிற்று, ஆளும் ஏற்பாடு செய்தாயிற்று என்பதால் அது நடந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் கையில் இருந்தது பழைய அறிக்கை. கோடு போட்ட தாளைத் திரையில் பெரிதாகக் காட்டி, "இந்த அம்மா செஞ்ச தப்பை நீங்க செய்யக் கூடாது" என்றார்.

பின்வரிசையில் இருந்த மகன் எழுந்தான். அது அம்மாவின் தப்பு இல்லை, தன்னுடையது என்றான். அவள் எழுதிய குறிப்பை நீக்கச் சொன்னவன் தானே என்றான். இனி எது தெரிந்தாலும் எழுத வேண்டும், யார் சொன்னாலும் அழிக்கக் கூடாது என்றான். கூடத்தில் இருபது பெண்கள். ஒருத்தியும் திரும்பவில்லை. குண்டூசி மட்டும் திரும்பி, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

வெளியே வரும்போது வழியில் நின்றாள்.

"அவ உயிரோட இருந்தப்ப ஒரு வரி எழுத விடல. இப்ப ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்களாம்."

"அக்கா..."

"நல்லா எழுதியிருக்கீங்கன்னு சொல்றாங்க, சார்."

பிறந்த நாளுக்கு அவன் கன்னத்தைக் கிள்ளியவள். துக்க வீட்டில் தோளைப் பிடித்துக்கொண்டு டா என்றவள். அந்த 'சார்' இனி வாசலுக்கு வெளியேயும் அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்குப் புரிந்தது.

புதுப் படிவத்தை அவனே வரைந்தான். குறிப்புக் கட்டம் முன்பைப்போல் மூன்று மடங்கு. மூன்று மாதம் தாள்கள் அவன் மேசைக்கு வந்தன. அத்தனையிலும் குறிப்புக் கட்டத்தில் மூலைக்கு மூலை, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளில் எழுத ஒன்றுமே இல்லாமல் இருக்குமா? ஒரு கட்டு தாளோடு பெஞ்ச் அறைக்குப் போனான். அம்மாவின் பெஞ்சில் இப்போது குண்டூசி. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் யாரும் எழுதறதில்ல?"

அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழுதினவ கதி என்னாச்சுன்னு பாத்தோமே, சார். அவள மாதிரி வேலக்காரி உண்டா? அவ பெத்த பிள்ளையே அழிக்கச் சொன்னான். எங்க மேலதிகாரிங்கள நாங்க பெத்தோமா என்ன?"

அவன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

"நாப்பது ஆகட்டும்" என்றாள் அவள். பம்ப் போட்டு ஒன்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. உட்காரச் சொல்வாள் என்று அவன் சிறிது நேரம் நின்று பார்த்தான்.